லாஸ் வேகாஸை உருவாக்கியது பக்ஸி சீகலா?

"வெறும் பாலைவனமாகக் கிடந்த இடத்தில் பக்ஸி சீகல் என்ற மாஃபியா தாதா கட்டிய நகரம்தான் லாஸ் வேகாஸ்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. கேட்க விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் தவறு.

அங்கே நீரூற்றுகள் இருந்தன. நீராவி ரயிலுக்குத் தண்ணீர் வேண்டுமே! 1905 மே மாதம் ரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதில்தான் ஊர் பிறந்தது. சீகல் பிறந்ததே 1906-இல்! 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. கூலி வாங்கிய தொழிலாளர்கள் செலவழிக்க வந்த இடம் இது.

சரி, சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் 'ஸ்ட்ரிப்' சாலையாவது சீகல் தொடங்கியதா? அதுவும் இல்லை. அங்கே முதல் சூதாட்ட விடுதியான எல் ராஞ்சோ வேகாஸ் 1941-இலேயே திறந்தாயிற்று. சீகலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஃபிளமிங்கோ சூதாட்ட விடுதி கூட பில்லி வில்கர்சன் என்ற பத்திரிகை அதிபர் தொடங்கிய திட்டம். பணம் தீர்ந்து அவர் தடுமாறியபோது சீகல் உள்ளே புகுந்தார். 1946 டிசம்பரில் திறப்பு விழா. 1947 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் சீகலைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. அந்த மர்மம்தான் கதையை ஊதிப் பெருக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று: படங்களில் மின்னும் அந்த ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை.