நீளம் அதிகம் என்று சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

500. இன்டர்னல் சர்வர் எரர்.

அவ்வளவுதான். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு சர்வர் எனக்குச் சொன்ன பதில் இது. நான் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. எழுதி வைத்திருந்த பதிவு ஒன்றை இணையச் சேவை ஒன்றின் ஏபிஐ வழியாக, அதாவது நிரல்கள் வந்து பேசுவதற்கென்று அவர்கள் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாக, ஏற்ற வேண்டும். அதற்கென்றே சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். பல மாதமாக முணுமுணுப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் 500.

500 என்றால் என்ன அர்த்தம்? நாலில் தொடங்கும் எண் வந்தால் கேட்டவன் தப்பு, ஐந்தில் தொடங்கினால் கொடுக்கிறவன் தப்பு. அதாவது "உன் மேல் குற்றமில்லை, என் வீட்டுக்குள்தான் ஏதோ உடைந்துவிட்டது" என்று சர்வரே ஒத்துக்கொள்கிற எண் அது. நானும் நம்பினேன். என் ஸ்கிரிப்ட் என்னைவிட அப்பாவி. 500 வந்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்பு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இரண்டு நொடி, நாலு நொடி, எட்டு நொடி என்று பொறுத்துப் பொறுத்து, அதே பதிவைத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் போய் நின்றது. ஆயுசுக்கும் திறக்காத கதவு அது என்று பாவம் அதற்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஆரம்பித்தது என் துப்பறியும் வேலை. அவர்களுடைய நிலவரப் பக்கத்தைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. நான்தான் அனுப்புகிறேன் என்று காட்டும் டோக்கன் காலாவதியாகிவிட்டதோ என்று "சோதனை" என ஒரே ஒரு சொல்லை அனுப்பினேன், ஜம்மென்று போனது. சரி, பதிவில்தான் ஏதோ இருக்கிறது. வளைந்த மேற்கோள் குறிகளை எல்லாம் நேராக்கினேன். 500. பதிவில் இருந்த இணையச் சுட்டியை எடுத்தேன். 500. எங்கோ இருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறி ஏதாவது கூடவே வந்திருக்குமோ என்று முழுப் பதிவையும் கையால் இன்னொரு தடவை தட்டினேன். அதற்கும் 500. நீளமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அவர்களுடைய டாக்குமென்டேஷனில் "5000 எழுத்துகள் வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என் பதிவு எடிட்டர் கணக்கில் வெறும் 2,100.

வேறு வழியில்லாமல் பதிவைப் பாதியாக வெட்டி அனுப்பினேன். போனது. முக்கால்வாசி அனுப்பினேன். போனது. இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். 500. இப்படிக் கூட்டிக் குறைத்து, போன துண்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே, பன்னிரண்டாவது முயற்சியில் எல்லையைக் கண்டுபிடித்தேன். பிறகு சந்தேகம் தீர ஒரு வேலை செய்தேன். ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் 5,000 தடவை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது. "க" என்பதை 1,666 தடவை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது. 1,667? 500. "கி" என்றால் 833-லேயே நின்றுவிட்டது.

புரிந்துவிட்டதா? அவர்கள் எழுத்து என்று எழுதி வைத்திருப்பது எழுத்தே இல்லை, பைட். கணினி தரவை அளக்கிற அலகு. எழுத்தைக் கணினிக்குள் எண்ணாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் சாதாரண ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். "கி" என்பது ககரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு குறி, ஆக ஆறு பைட். எழுதியவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு, பைட்டும் எழுத்தும் ஒன்றுதான் என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். இங்கே தூக்கம் போனது எனக்கு.

"தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். நிரல்மொழிகளில் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து. பைத்தானும் ஐந்து. கோ மொழியிடம் கேட்டால் பதினைந்து. ஸ்விஃப்ட் மட்டும்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு ஒத்துப்போகிறது. இதில் எதை வேண்டுமானாலும் வைத்து எண்ணிக்கொள்ளுங்கள் சாமி, எனக்கு ஆட்சேபணை இல்லை. எதை எண்ணுகிறீர்கள் என்று சொல்லித் தொலையுங்கள். ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளம், பதிவுக்கு 300 எழுத்துக்கூட்டு (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது), 3,000 பைட் என்று இரண்டு வரம்பையும் அதன் ஸ்கீமாவிலேயே, அதாவது தரவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிப் படிவத்திலேயே, எழுதி வைத்திருக்கிறது. இரண்டே இரண்டு வரி. அதை எழுத யாருக்கும் விரல் தேய்ந்துவிடவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், உள்ளே இருக்கிற டேட்டாபேஸுக்கு விஷயம் தெரியும். தெரிவது மட்டுமில்லை, வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் 1406 என்ற எரரில், அட்டவணையின் எந்த நெடுவரிசைக்கு வந்த தரவு நீளம் என்று பெயரோடு சொல்லும். ஆரக்கிள் டேட்டாபேஸின் 12899 இன்னும் ஒரு படி மேல். வந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு எண்ணையும் தட்டில் வைத்து நீட்டும். நடுவில் இருக்கிற நம்முடைய கோட்தான் அதைப் பிடித்து, விழுங்கி, ஏப்பம் விட்டு, "இன்டர்னல் சர்வர் எரர்" என்று வெளியே துப்புகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு நண்பரிடம் புலம்பியபோது, "உனக்கு எரராவது வந்ததே" என்றார். அவர் அனுபவம் வேறு. அவர் பயன்படுத்தும் சேவை, எல்லாம் சரி என்பதற்கான 200 ஓகே என்று பல்லைக் காட்டிவிட்டு, உள்ளே ஜேசனில் (நிரல்கள் படிக்கும் பதில் வடிவம்) "சக்சஸ்: ஃபால்ஸ்", அதாவது வெற்றி இல்லை, என்று வைக்குமாம். சரி, அதையாவது பிரித்துப் பார்த்துவிடலாம். சத்தமே போடாமல் வாலை வெட்டிவிட்டு 200 கொடுப்பவர்களை என்ன செய்வது? பழைய மைஎஸ்க்யூஎல்லுக்கு இந்தப் பழக்கம் இருந்தது. கொள்ளாததை வெட்டிப் போட்டுவிட்டு, யாரும் படிக்காத ஒரு எச்சரிக்கையை மட்டும் விட்டுவைக்கும். 5.7 பதிப்பில்தான், வெட்டாமல் எரர் கொடுக்கும் கறார் முறை இயல்புநிலையானது. அதற்குப் பிறகும், எதற்கு வம்பு என்று அந்தக் கறார் முறையை அணைத்து வைத்திருக்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள்.

வாலை வெட்டுவது ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் பெரிய ஆபத்து. நமக்கு வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். "கூட்டத்துக்கு எல்லோரும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை" என்று எழுதி அனுப்புகிறேன். சர்வர் தன் வசதிக்கு வெட்டியதில் "கூட்டத்துக்கு எல்லோரும் வர வேண்டும்" என்பது வரைக்கும்தான் மிஞ்சியது என்று வையுங்கள். மூன்று புள்ளி கூடப் போடவில்லை. படிப்பவருக்கு அது முழு வாக்கியம். நான் சொன்னதற்கு நேர் எதிரானதை என் பெயரில் போட்டுவிட்டு, எனக்கு "வெற்றி" என்று சீட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? எரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மோசடி என்றுதான் வருகிறது.

வெட்டுகிற இடம் சொல்லுக்குள் விழுந்தால் அது தனிக் கூத்து. "தமிழ்" என்பதில் நாலு குறியோடு நிறுத்தினால் புள்ளி பறிபோய் "தமிழ" என்று நிற்கும். பைட் கணக்கில் பதினாலில் வெட்டினால் கடைசிக் குறி பாதியில் உடைந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். அந்தக் கேள்வியை நான்தான் கேட்க வேண்டும், அது ஏன் என்னைக் கேட்கிறது?

இன்னொரு வகை, வாசலிலேயே அடித்துத் துரத்துவது. முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. சரி, அதன் வேலை அது. ஆனால் அது திருப்பித் தருவது எச்டிஎம்எல் பக்கம். ஜேசனை எதிர்பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கும் என் ஸ்கிரிப்ட், முதல் "<" குறியிலேயே விக்கிச் சாகும். பிரவுசரில் என்றால் வேடிக்கை இன்னும் அதிகம். அந்தப் பக்கத்தோடு கார்ஸ் ஹெடர், அதாவது வேறு தளத்திலிருந்து கேட்டவரும் இதைப் படிக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு, வராது. உடனே பிரவுசர் "அளவு பெரிது" என்ற உண்மையான 413-ஐ மறைத்துவிட்டு "கார்ஸ் எரர்" என்று கூப்பாடு போடும். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் கார்ஸைத் திருத்துகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருக்கிறோம்! கோளாறு அங்கே இல்லவே இல்லை. என்ஜின்எக்ஸின் கையேட்டிலேயே, இந்த எரரைப் பிரவுசர்களால் சரியாகக் காட்ட முடியாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மைக்கு நன்றி, வேறென்ன சொல்ல?

இதற்கெல்லாம் வழியே இல்லை என்றாலும் பொறுத்துக்கொள்வேன். வழி எப்போதோ போட்டாயிற்று. 413 என்ற எண் 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2068 என்ற இணைய விதி ஆவணத்திலேயே இருக்கிறது. முதலில் "ரிக்வெஸ்ட் என்டிட்டி டூ லார்ஜ்", 2014-இல் "பேலோட் டூ லார்ஜ்", 2022-இல் "கன்டென்ட் டூ லார்ஜ்". மூன்று முறை பெயர் சூட்டு விழா நடத்தியும் கூப்பிடத்தான் ஆளில்லை. மொத்தக் கோரிக்கையும் பெரிது என்றால்தான் 413, அதற்குள் ஒரு புலம் (படிவத்தின் ஒரு கட்டம் போல) மட்டும் நீளம் என்றால் 422, இல்லையில்லை 400 என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். நான் அந்தப் பக்கமே வரவில்லை. நாலில் தொடங்குகிற ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், என் ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டாமல் இருக்கும். கூடவே என்ன தப்பு என்று சொல்ல 2016-இல் ஆர்எஃப்சி 7807 வந்தது. அதைப் புதுக்கி 2023-இல் 9457 வந்தது. தலைப்பு, விவரம் என்று அச்சுப் படிவம் போலவே கொடுத்திருக்கிறார்கள். வரம்பு, வந்த அளவு என்று நம் சொந்தப் புலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்கிறவர்கள் செய்யத்தான் செய்கிறார்கள். பல சர்வர்களாக இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு எவ்வளவு நீளம் என்பதை ஒவ்வொரு சர்வரும் தன்னைப் பற்றிய தகவலிலேயே தருகிறது. எழுதுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மீறினால் 422 வரும், வரம்பு எத்தனை என்ற எண்ணோடு. அரட்டைச் சேவையான டிஸ்கார்டில் 2,000-ஐத் தாண்டினால், எந்தப் புலம், என்ன விதி, அதிகபட்சம் எவ்வளவு என்று மூன்றும் வரும். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

"வரம்பைச் சொன்னால் தாக்குகிறவனுக்கு உதவியாகிவிடும்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஐயா, நான் பன்னிரண்டே தடவையில் கண்டுபிடித்தேன். அதுவும் தூக்கக் கலக்கத்தில். தாக்குகிறவன் என்னைவிட மந்தமாகவா இருப்பான்?

நீளத்துக்கு வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவன் நாற்பது எம்பி எழுத்தை அனுப்பினால் பிடித்துத் தள்ளத்தான் வேண்டும். தள்ளும்போது எதற்குத் தள்ளினேன் என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும் என்பதுதான் என் கேள்வி.

மறுநாள் இத்தனையையும் ஒழுங்காக எழுதி, "க" 1,666, "க" 1,667 என்ற இரண்டு சோதனையையும் இணைத்து, அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி, சரிசெய்துவிட்டோம் என்று. ஆவலோடு போய் 1,667 "க" அனுப்பிப் பார்த்தேன். 500. அப்படி எதைத்தான் சரிசெய்தார்கள் என்று டாக்குமென்டேஷனைத் திறந்தேன். "5000 எழுத்துகள் வரை" என்ற வரியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் "பதிவு அளவோடு இருக்க வேண்டும்" என்று இருக்கிறது.