செக்பேட்ச் சொன்னதற்காக லாக் வரியை அழிக்காதீர்கள்

லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையக் கரு) பேட்ச் (கோட் மாற்றம்) அனுப்பும் புதியவர்கள் பலர், பேட்சின் ஸ்டைலைச் சோதிக்கும் செக்பேட்சில் ஒரு எச்சரிக்கைகூட மிஞ்சக்கூடாது என்று லாக் வரிகளை, அதாவது செய்தி பதியும் கோட் வரிகளை, திருத்துகிறார்கள். இது தவறான பழக்கம். செக்பேட்ச் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். அதற்கு சி மொழி புரியாது. டிஃப்பில் (பழைய, புதிய கோடின் வித்தியாசம்) உள்ள வரிகளை ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) வைத்து ஒப்பிடுகிறது, அவ்வளவுதான்.

'தேவையற்ற அவுட் ஆஃப் மெமரி செய்தி' என்ற எச்சரிக்கையைப் பாருங்கள். மெமரி கேட்கும் கேமல்லாக் ஃபங்ஷன் தோற்றால், மெமரியை ஒதுக்கும் அலகேட்டரே ஸ்டாக் டிரேஸோடு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) லாகில் எழுதிவிடும், டிரைவர் தனியாக எழுத வேண்டியதில்லை. விதி நியாயமானதுதான். ஆனால் எச்சரிக்காதே என்று சொல்லும் __ஜிஎஃப்பி_நோவார்ன் ஃபிளாக் இருந்தால் அலகேட்டர் வாய் திறக்காது. டிரைவர் எழுதும் அந்த ஒரு வரிதான் தடயம். அந்த ஃபிளாக்கின் பெயர் அதே ஸ்டேட்மென்டில் அப்படியே இருந்தால் செக்பேட்சும் விட்டுவிடும். ஃபிளாக்குகளை வேரியபிளில் போட்டு அனுப்பினால் அதற்குத் தெரியாது. காத்திருக்காமல் மெமரி கேட்கும் ஜிஎஃப்பி_நோவெயிட் ஃபிளாக்கை எழுதினாலும் தெரியாது. புதிய கெர்னல்களில் நோவெயிட்டுக்குள்ளேயே நோவார்ன் அடக்கம். எச்சரிக்கையை நம்பி வரியை நீக்கினால், மெமரி கிடைக்காமல் போனதற்கு லாகில் சுவடே இருக்காது.

இன்னொரு கூத்து: ஃபங்ஷன் பெயர் _இன்ஃபோ, _எர், _வார்ன் என்று முடிந்து, முன்னால் ஒன்றிரண்டு சொற்கள் இருந்தால், செக்பேட்ச் அதை லாக் ஃபங்ஷன் என்றே எடுத்துக்கொள்ளும். அலகேஷன் (மெமரி ஒதுக்கல்) தோற்றதா என்று பார்க்கும் இஃப்-க்கு அடுத்த வரியில் எக்ஸ்ஒய்இசட்_ஃப்ரீ_இன்ஃபோ என்று எதையோ விடுவித்தாலும் அதே எச்சரிக்கைதான்.

இதைவிட ஆபத்தானது, கெர்ன்_டீபக் என்ற நிலை போட்ட பிரிண்ட்கேயை (கெர்னலின் அச்சிடும் ஃபங்ஷன்) பிஆர்_டீபக் போன்றவையாக மாற்றச் சொல்லும் பரிந்துரை. பிரிண்ட்கே எப்போதும் டிமெசேஜில் (கெர்னல் லாகைக் காட்டும் கட்டளை) வரும். பிஆர்_டீபக் அப்படியல்ல. டீபக் மேக்ரோவும் டைனமிக் டீபக்கும் (ஓடும்போதே டீபக் செய்திகளை இயக்கும் வசதி) இல்லாத பில்டில் எதையும் அச்சிடாது, டைனமிக் டீபக் இருந்தாலும் இயக்கும்வரை மௌனம். ஸ்டைல் திருத்தம் என்ற பெயரில் நடத்தையே மாறிவிடுகிறது. கமிட் செய்தியில் (மாற்றத்தோடு போகும் விளக்கம்) இதைச் சொல்லாமல் அனுப்பக்கூடாது.

வரி நீளம் சின்ன விஷயம். 2020-இல் செக்பேட்சின் வரம்பு 80 எழுத்துகளிலிருந்து 100 ஆனது. செய்தியை இரண்டாக உடைக்காதீர்கள், கிரெப் (சொல் தேடும் கருவி) தேடலில் சிக்காது. மேற்கோளோடு வரியை முடித்து, ஆர்க்யுமென்ட்களை அடுத்த வரிக்குத் தள்ளினால் எச்சரிக்கை வராது.

சிஐ (பேட்சுகளைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் எரர் வந்தால் மட்டும் பேட்சை நிறுத்துங்கள், வார்னிங்கை ஆள் பார்த்து முடிவெடுக்கட்டும். ஷோ-டைப்ஸ் ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு எச்சரிக்கையின் வகைப் பெயரும் கிடைக்கும். திருத்தாமல் விட்டதன் காரணத்தை, அந்தப் பெயரோடு, பேட்சில் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள். அது கிட் (கோட் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) வரலாற்றில் சேராது, ரிவ்யூ செய்பவர் கண்ணில் படும்.