கர்மம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

போன மாதம் என் அக்கா மகன் இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது விழுந்துவிட்டான். விடிகாலை ஐந்தரை மணி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வளைவு. லோரியிலிருந்து விழுந்த குலை ஒன்று நடுச்சடக்கில் கிடந்திருக்கிறது. அந்த வளைவில் விளக்கு கிடையாது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. வயது 24.

மருத்துவமனைக்கு நிறைய பேர் வந்தார்கள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை, அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். பழைய தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் ஒரு காடி பிடித்து வந்து, ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) அக்கா கையில் வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களில் நன்றாகத் தெரிந்த ஒருவர், ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, "என்ன பண்றது தங்கச்சி, போன ஜென்மத்துல யார் காலை ஒடிச்சானோ, கர்மா சும்மா விடுமா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அக்கா அப்போது பையனின் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் போன பிறகும் அந்தத் துண்டையே மடித்துக்கொண்டிருந்தாள். இரவு என்னிடம் கேட்டாள்: "நான் ஏதாச்சும் பாவம் பண்ணியிருப்பேனா? இல்ல அவனா?"

அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான், அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நாலைந்து வருடமாகப் புத்தரின் போதனைகளைப் படித்து வருகிறேன். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவின் மகள் கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தில் ஆரம்பித்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1894-இல் தொடங்கிய மகா விகாரை என்ற பௌத்தக் கோயில் இருக்கிறதல்லவா, அங்கே 1952-இல் இலங்கையிலிருந்து வந்து 2006-இல் மறையும்வரை இந்த நாட்டிலேயே தங்கிப் போதித்த கே. ஸ்ரீ தம்மானந்தா தேரரின் எழுத்து. இப்படிப்பட்ட புத்தகங்களை இலவசமாகவே கொடுக்கிறார்கள். "ஏன் சீனன் சாமியைப் படிக்கிற?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் சூடாமணி விகாரம் கட்டியதையும், சிவபக்தனான ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே எழுதிவைத்ததையும் அவர்களுக்குச் சொன்னேன். கடாரம் என்றால் வேறெங்கோ இல்லை, வடக்கே நாலு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் நம் கெடாதான். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்கும் இதற்கும் பழக்கம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கர்மா என்ற வார்த்தையைப் புத்தர் எப்படிச் சொன்னார்? "சேதனாஹம் பிக்கவே கம்மம் வதாமி." துறவிகளே, எண்ணத்தைத்தான் நான் கர்மம் என்கிறேன். மனதில் ஒன்றை நினைத்து, அதன்பிறகுதான் மனிதன் உடலாலும் வாக்காலும் மனதாலும் செய்கிறான். அப்படியென்றால் கர்மம் என்பது இந்த நிமிடம் எனக்குள் கிளம்பும் நோக்கம். நாமோ அந்த வார்த்தையை அடுத்தவன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு பயன்படுத்துகிறோம்.

சீவகன் என்ற பரிவிராஜகன், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, ராஜகிருகத்தில் புத்தரிடம் நேராகவே கேட்கிறான். மனிதன் அனுபவிக்கிற இன்ப துன்பம் எல்லாமே முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் இல்லை என்கிறார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு, கபத்தால் உண்டு, வாதத்தால் உண்டு, மூன்றும் சேர்ந்து கெடுவதால் உண்டு. பருவம் மாறுவதால் வருவது உண்டு, உடம்பைச் சரியாகக் கவனிக்காததால் வருவது உண்டு, வெளியிலிருந்து வந்து தாக்குவது உண்டு. எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொல்கிறார். எல்லாம் பழைய வினையே என்று பேசுகிறவர்கள், தாங்களே கண்ணால் பார்க்கக்கூடியதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறார்.

இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாதம் பித்தம் கபம் என்று என் பாட்டி பேசிய அதே கணக்கு. வினைப்பயன் அதில் எட்டில் ஒன்று.

இதற்கு ஒருவர் மறுப்பு சொல்லலாம். அங்குலிமாலன் கதை என்ன ஆயிற்று? அத்தனை கொலை செய்தவன் துறவியான பிறகு, பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி பட்டு, மண்டை உடைந்து, ரத்தம் வழிய வந்தான். நீ செய்ததன் பலனை இப்போதே அனுபவிக்கிறாய், பொறுத்துக்கொள் என்று புத்தரே சொன்னாரே? ஆமாம், சொன்னார். வினைக்குப் பலன் இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் யாரிடம் சொன்னார் பாருங்கள். செய்தவனிடமே, அவன் செய்தது இன்னதென்று அவனுக்கும் ஊருக்கும் தெரிந்திருந்தபோது, அவன் துவண்டுபோகாமல் தாங்கிக்கொள்வதற்காகச் சொன்னார். கல்லெறிந்தவர்கள் அதைச் சொல்லவில்லை. இன்னோர் இடத்தில், எந்த வினை எப்படிப் பலன் தரும் என்று கணக்குப் போட்டு ஆராயவேண்டாம், அது எண்ணிப் பார்த்து முடியாதது, முயன்றால் புத்தி பேதலிக்கும் என்றும் எச்சரிக்கிறார். அப்படியிருக்க, ஆப்பிள் பையோடு வந்தவருக்கு என் அக்கா மகனின் போன ஜென்மம் எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் அந்த மனிதர்மேல் இல்லை. இந்தப் பேச்சு தோட்டத்தில் நம்மை என்ன செய்தது என்பதில்தான். அம்மா நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஒட்டுப்பால் வாடையோடு திரும்பிய காலத்தில் எதற்கெடுத்தாலும் "தலையெழுத்து" என்பார்கள். கூலி பத்தவில்லை, தலையெழுத்து. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைக்குக் காய்ச்சல், தலையெழுத்து. 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. போன ஜென்மத்தில் யாரும் புதிதாகப் புண்ணியம் செய்து அதைக் கொண்டுவரவில்லை. மனிதர்கள் கேட்டார்கள், போராடினார்கள், எழுதினார்கள், வந்தது. எல்லாம் முன்வினை என்று நம்புகிறவனுக்கு இதைச் செய்யவேண்டும், இதைச் செய்யக்கூடாது என்ற முயற்சியே இருக்காது என்று புத்தர் சொன்னது எங்கள் லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது எனக்கு.

அந்த வளைவுக்கும் அதே கதிதான். அங்கே ஏற்கெனவே பலர் விழுந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் "நேரம் சரியில்லை" என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம். விளக்கு கேட்டு ஒரு கடிதம் போடவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். போன வருடம் அவர்களுடைய ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காக வாசலில் காகிதம் எரித்தார்கள். சாம்பல் பறந்து, என் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளில் விழுந்தது. நான் வாய் விட்டேன். அவர் பதிலுக்கு, ஆடி மாதம் முழுக்க உங்கள் ஒலிபெருக்கியை நான் பொறுத்துக்கொள்ளவில்லையா என்றார். அத்தோடு பேச்சு நின்றது, எட்டு மாதம். புத்தகம் கொடுத்த வீட்டோடு சண்டை, புத்தகம் என் தலைமாட்டில். இதில் எனக்கு வெட்கம் உண்டு.

சண்டையின் காரணம் எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கோசம்பியில் ஒரு துறவி கழிவறைப் பாத்திரத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டாமல் விட்டுவிட்டார். அது குற்றம் என்றார் இன்னொருவர். குற்றமா இல்லையா என்று இரண்டு கட்சியாகி மடமே பிளந்தது. புத்தர் வந்து சமாதானம் சொன்னார். "நீங்கள் நிம்மதியாக இருங்கள், இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவரிடமே சொல்லிவிட்டார்கள். அவர் கிளம்பிக் காட்டுக்குப் போய்விட்டார். ஊர்க்காரர்கள் அந்தத் துறவிகளுக்குச் சோறு போடுவதை நிறுத்தினார்கள். பிறகுதான் புத்தி வந்தது. ஒரு குவளைத் தண்ணீர்தான் காரணம்.

லயன் வீட்டில் பொதுக் குழாயடியில் நின்றவர்களுக்கு இது கதையாகவே தெரியாது. ஒரு வரிசை வீட்டுக்கு ஒரு குழாய். நேரத்துக்குத்தான் தண்ணீர். வாளியை நகர்த்தியது யார் என்பதில் மண்டை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே குழாயடியில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருந்தபோது, அம்மா தன் முறை வந்ததும் முதலில் அவளுடைய வாளியை நிரப்புவாள். கம்பிப் பிடி போட்ட பழைய பெயிண்டு டின் அது, மஞ்சள் நிறம். அதற்கு அப்புறம்தான் எங்கள் வாளி. யாரும் சொல்லவில்லை, யாரும் நன்றி சொன்னதும் ஞாபகமில்லை.

அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று துறவிகள் ஒரே இடத்தில் வாழ்ந்ததைப் படித்தபோது அந்த மஞ்சள் டின்தான் கண்முன் வந்தது. எப்படி ஒற்றுமையாக இருக்கிறீர்கள் என்று புத்தர் கேட்கிறார். பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி இருக்கிறோம், ஒருவரை ஒருவர் அன்பான கண்ணோடு பார்க்கிறோம் என்கிறார் அனுருத்தர். அதோடு விடாமல் புத்தர் மேலும் கேட்க, அன்றாட வேலையைச் சொல்கிறார். பிச்சையெடுத்து முதலில் திரும்புகிறவர் இருக்கைகளைப் போடுவார், குடிக்கவும் கழுவவும் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்துவைத்து இடத்தைக் கூட்டுவார். குடிதண்ணீர்ப் பானையோ, கழிவறைப் பானையோ காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவர் நிரப்புவார். தூக்க முடியவில்லையென்றால் கையசைத்து இன்னொருவரைக் கூப்பிடுவார், இரண்டு பேரும் சேர்ந்து தூக்குவார்கள். இதற்காகப் பேச்சுக்கூட எடுப்பதில்லை.

அந்தக் கழிவறைப் பானையைக் கவனியுங்கள். கோசம்பியில் மடத்தைப் பிளந்ததும் அதே மாதிரிப் பாத்திரம்தான். இங்கே "இது யார் முறை?" என்ற கேள்வியே எழவில்லை. பார்த்தவன் நிரப்புகிறான். கர்மம் என்றால் நோக்கம் என்று புத்தர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா மகன் மருத்துவமனையில் இருந்த மூன்றாம் நாள், காலை ஆறு மணிக்கு என் வாசல் கேட்டில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா. ஒரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், இன்னொரு கையில் டிபன் கேரியர். மலாயில், "கஞ்சி, மீன் போடவில்லை, உன் அக்கா வெள்ளிக்கிழமை சைவம் என்று தெரியும்" என்றார். எட்டு மாதம் பேசாத வீட்டின் வெள்ளிக்கிழமை அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் கையை ஆட்டி, "நேரமாச்சு, போ, சூடு ஆறிடும்" என்றார். பகை பகையால் தணியாது, பகையின்மையால்தான் தணியும், இதுவே பழைய அறம் என்ற வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதை டிபன் கேரியரில் வைத்து அந்த அம்மா என் கையில் கொடுத்தார்.

அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது அக்காவிடம் சீவகன் கேள்வியைச் சொன்னேன். எட்டுக் காரணத்தையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்போ அந்த லோரிக் குலையும், விளக்கில்லாததும் எதுல சேரும்?" என்றாள். ஏழாவதில், வெளியிலிருந்து வந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அதுக்கு யாரையாச்சும் கேக்கலாம்ல?" என்றாள்.

கேட்கத்தான் போகிறோம். பக்கத்து வீட்டு அம்மாவின் மகள் மலாயில் கடிதம் எழுதிவிட்டாள். வளைவில் இரண்டு விளக்கு, லோரிகளுக்குக் கட்டாய வலை, இந்த இரண்டுதான் கோரிக்கை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, தமிழர், சீனர், கடைசி வீட்டு மலாய்க்காரர் உட்பட. அந்தச் சடக்கில் தினமும் போகிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறீர்கள். தாள் என் வீட்டில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன். நான் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டுங்கள், அங்கே ஒரு பிரதி இருக்கிறது.