அம்மா சிரித்தது குறித்து

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றி உறவினர் ஒருவர் எழுதிய பதிவையும், அதனுடன் அவர் இணைத்திருந்த 40 விநாடிக் காணொளியையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போக வேண்டாம். அதில் இருப்பது இவ்வளவுதான்: கூடத்தில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் நாகேஷின் குரல் கேட்கிறது, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் என் அம்மா சிரிக்கிறார். அதற்கு மேல் அவர் எழுதியிருந்த வாசகத்தை நான் இங்கே திருப்பி எழுத மாட்டேன். கணவன் போன பதினாறாம் நாளில் ஒரு பெண் சிரிக்கலாமா என்பதுதான் அதன் சாரம்.

நான்கு நாட்கள் பேசாமல் இருந்தேன். சாவு வீட்டுக்காரி சண்டை போடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டேன். ஆனால் நேற்று அம்மா என்னிடம், "நான் சிரிச்சது தப்பா கண்ணு?" என்று கேட்டார். 54 ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்தவர், அந்த வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரு சிரிப்புக்கு என்னிடம் அனுமதி கேட்டார். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அப்பா தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மைக் செட்டு வைத்திருந்தவர். 1972இல் இரண்டாம் கையாக வாங்கிய ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு கூம்புக் குழாய்கள், ஒரு ரெக்கார்டு பிளேயர், இவற்றை ஏற்றிச் செல்ல ஒரு மிதிவண்டி, இவைதான் முதலீடு. கல்யாணம், காதுகுத்து, சீர், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், எழவு என்று அமராவதிக் கரையோர ஊர்களில் அவர் குழாய் கட்டாத மரம் குறைவு. நல்ல காரியம் என்றால் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டில்தான் தொடங்குவார். எழவு வீடு என்றால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழைச் சுற்றியிருந்த எண்கள் விரல் பட்டுப் பட்டு எப்போதோ அழிந்துவிட்டன. அதனால் அம்மாவின் நகப்பூச்சை எடுத்து ஓரிடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். அது எழவு வீட்டுக்கான அளவு. குமிழ் அந்தப் புள்ளியைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. அதைவிட எனக்கு மறக்காதது அவருடைய வலது கை. வெளியூர் உறவுக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி, தெருமுனையிலேயே அழத் தொடங்கி ஓடி வரும்போது, தட்டின் மேலிருந்த ஊசியை மெல்லத் தூக்கி அப்படியே பிடித்துக்கொள்வார். தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அவர்கள் கட்டிப்பிடித்து அழுது, ஒப்பாரி வைத்து, குரல் தணிந்த பிறகுதான் ஊசி இறங்கும். "பாட்டு அழுகைக்கு மேல போகக் கூடாது கண்ணு" என்பார். துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இந்த மனிதரின் வீட்டுக்கு வந்து ஒருவர் சொல்லித் தருகிறார் என்பதுதான் என் வருத்தத்தின் தொடக்கம்.

சரி, ஏன் நாகேஷ்? அப்பாவுக்கு அவர் ஊர்க்காரர். தாராபுரத்தில் பிறந்தவர் என்பதே அப்பாவுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. அம்மைத் தழும்பு நிறைந்த முகத்தோடும் ஒல்லியான உடம்போடும் போய், அழகர்கள் ஆண்டுகொண்டிருந்த திரையில் இடம் பிடித்தவர். 1964இல் 'காதலிக்க நேரமில்லை', அதே ஆண்டில் 'சர்வர் சுந்தரம்', அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' என்று அப்பா வரிசையாகச் சொல்வார். அதிலும் தருமி. அந்தப் படத்தின் கதை வசனத் தட்டு எங்கள் பக்கத்தில் ஒலிக்காத கோயில் நோம்பி கிடையாது. எத்தனையோ ஊர்களில் படத்தையே பார்க்காதவர்கள்கூட வசனம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னார்கள் என்றால், அது அப்பாவைப் போன்ற மைக் செட்டுக்காரர்களால்தான்.

தட்டு தேய்ந்த பிறகு அதை ஒரு கேசட்டில் பதிந்து வைத்தார். அந்தக் கேசட் ஒருமுறை பிளேயரில் சிக்கி நாடா அறுந்தது. அறுந்த முனைகளை வெட்டி ஒட்டியதில் சில விநாடிகள் போய்விட்டன. போன இடம், தருமி கேள்வி கேட்க இறைவன் பதில் சொல்லும் பகுதி. நாகேஷின் ஒரு கேள்வி இருக்கும், சிவாஜியின் பதில் இருக்காது, அடுத்த கேள்வி வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த இடம் வந்தால், அடுப்படியில் இருந்தாலும் கொல்லையில் இருந்தாலும் அம்மாதான் அந்தப் பதிலைச் சொல்வார். அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது இப்படித்தான்.

அப்பா இறந்த பிறகு பதினாறு நாட்களும் அம்மா அநேகமாகப் பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைத்தார், சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிட்டார், இரவில் கண்ணை மூடாமல் படுத்திருந்தார். காரியத்தன்று படையல் முடிந்து, பந்தி முடிந்து, பாதிப்பேர் கிளம்பிய பிறகுதான் அந்தக் கேசட்டைப் போட்டேன். அந்த இடம் வந்தது. நாகேஷ் கேட்டார். நாடாவில் வெட்டுப்பட்ட அந்தச் சிறு 'டக்' ஓசை வந்தது. கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அம்மா பதிலைச் சொன்னார். பிறகு சிரித்தார். அதற்குப் பிறகு, அப்பாவின் உடலை எடுத்த அன்றுகூட அழாதவர், என் மடியில் தலையைப் போட்டு ஏறக்குறைய அரைமணி நேரம் அழுதார்.

அந்த 40 விநாடிக் காணொளி சிரிப்போடு முடிந்துவிடுகிறது.

எடுத்தவருக்கு அடுத்து நடந்தது தெரியாது என்று நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் அவர் அங்கேயேதான் நின்றார்.

சிலர் நல்லெண்ணத்தோடு, "இருந்தாலும் நாள் கிழமை பார்க்க வேண்டாமா, மரபு என்று ஒன்று இல்லையா?" என்று எழுதியிருந்தார்கள். மரபைப் பற்றிப் பேசுவோம். நிறைவாக வாழ்ந்து முடித்தவர் இறந்தால் அதைக் கல்யாணச் சாவு என்று சொன்னது யார் மரபு? பறை அடித்து, ஆடி, பூ இறைத்துத் தூக்கிப் போவது யார் மரபு? ஒப்பாரியில் செத்தவரின் குறும்பையும் பிடிவாதத்தையும் சொல்லி, அழுதுகொண்டிருப்பவர்களையே சிரிக்க வைத்த பாட்டிகளை நான் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு 81 வயது. நம்முடைய துக்கத்தில் சிரிப்புக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. சிரிப்பு துக்கத்துக்கு எதிரி அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இது நானாகச் செய்ததும் அல்ல. நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று இறந்தார். அப்பா தொழிலை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று பரணில் கிடந்த ஒரு குழாயை இறக்கித் துடைத்து, வாசல் வேப்ப மரத்தில் கட்டி, இதே கேசட்டைப் போட்டார். சோகப் பாட்டு ஒன்றுகூட இல்லை. தெருவே வந்து நின்று சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் குழாயை அவிழ்க்கும்போது, "ஊரு எழவுக்கெல்லாம் அழுவாச்சிப் பாட்டுப் போட்டாச்சு. எனக்கு இதைப் போட்டுடு கண்ணு" என்றார். அது வேடிக்கைப் பேச்சு அல்ல என்பது அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

'மகளிர் மட்டும்' படம் 1994இல் வந்தது. அதில் நாகேஷ் ஒரு வசனமும் இல்லாமல் பிணமாகவே நடித்தார். தாராபுரத்துத் தியேட்டரில் அப்பா என்னை அழைத்துப் போய்க் காட்டிய கடைசிப் படம் அது. அரங்கமே குலுங்கிச் சிரித்தது. வெளியே வந்து வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நடந்தவர், பேருந்து நிலையம் வந்ததும், செத்த மாதிரி கிடந்தே இத்தனை பேரைச் சிரிக்க வைப்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

இன்னொரு கேள்வி, "சினிமாவிலும் காமெடியிலுமா வாழ்க்கைப் பாடம் படிப்பது?" என்பது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்த கேள்வி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு மனிதர் வேறு எதிலிருந்து படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தருமியை நாம் கோமாளி என்று நினைத்துச் சிரிக்கிறோம். அப்பா அவனை ஏழை என்று பார்த்தார். ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டதில் அவன் குற்றம் என்ன? சபையில் நக்கீரர் அவனை மடக்குகிறார், அவன் அவமானப்பட்டுத் திரும்புகிறான். படித்தவர்கள் கூடிய இடத்தில் படிக்காதவன் ஒருவன் தலைகுனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் ஊர்ப் பள்ளி விழாவுக்கு இலவசமாக மைக் செட்டுப் போடுவார், மேடையில் திக்கித் திணறும் பிள்ளையைப் பார்த்து யாராவது சிரித்தால் அந்தப் பக்கத்துக் குழாயில் சத்தத்தைக் கூட்டிச் சிரிப்பை அமுக்கிவிடுவார். தருமி கொண்டுபோன பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு என்பதும், அதில் வரும் 'கொங்கு' என்ற சொல்லுக்குப் பூந்தாது என்று பொருள் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதுவரை அது எங்கள் கொங்குநாட்டைப் பற்றிய பாட்டு என்று அப்பா சொன்னதை நம்பியிருந்தேன். அவரிடம் போய்த் திருத்தவில்லை.

சிரிக்க வைப்பவர்களும் சிரிப்பவர்களும் துன்பம் அறியாதவர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 1947இல் விடுதலையானார். வெளியே வந்தவர் மறுபடியும் மக்களைச் சிரிக்க வைக்கத்தான் போனார், 1949இல் 'நல்லதம்பி' வந்தது. துன்பம் தெரியாதவரா அவர்?

"மற்றவர்கள் மனம் புண்படும் என்று நினைத்தாயா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். நினைத்தேன். அத்தை மட்டும் அப்போது அடுப்படியில் இருந்தார், அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை, அது என் தவறு. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்றபடி, தெரு முழுக்கக் கேட்டது என்று எழுதியிருப்பது உண்மை இல்லை. கூடத்துக்கு வெளியே திண்ணையில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. சிவப்புப் புள்ளியைப் பார்த்து வளர்ந்த பெண் நான்.

எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் தொடங்கினேன். ஆனால் அப்பாவின் கணக்கு நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் குழாய் கட்டியதற்கு எதிரே தொகை எழுதி, "பிறகு" என்று எழுதியிருக்கிறார் அப்பா. அந்தப் பிறகு வரவே இல்லை. அப்பா ஒருநாளும் கேட்கவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. அவர் வீட்டுச் சந்தோஷத்தை மூன்று நாள் ஊருக்கெல்லாம் கேட்க வைத்தவரின் வீட்டில், ஒரு நிமிடச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லையே என்பதற்காகச் சொல்கிறேன்.

சினிமாவிலிருந்து ஒன்றும் கற்க முடியாது என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 'சர்வர் சுந்தரம்' படத்தில் சுந்தரம் பெரிய நடிகனாகிவிடுகிறான். அவன் படப்பிடிப்பில் இருக்கும்போது அம்மா விழுந்துவிடுகிறாள், அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பாட்டுப் பதிவு எப்படி நடக்கிறது என்று எம்.எஸ்.விஸ்வநாதனையும் டி.எம்.சௌந்தரராஜனையும் திரையிலேயே காட்டும் பாட்டு அதே படத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டுக்காக அப்பா எத்தனை முறை வேண்டுமானாலும் அந்தப் படத்தைப் பார்ப்பார். அம்மா சாகும் இடம் நெருங்கினால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அவருடைய அம்மா இறந்தபோது அவர் வேறோர் ஊரில், யாருடைய கல்யாணத்துக்கோ பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதைத் தெரிந்தும், அந்தப் படத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து முறையாவது பார்த்தும், அன்று நான் கோயம்புத்தூரில் அலுவலகக் கூட்டத்தில் அலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அம்மாவிடமிருந்து மூன்று அழைப்புகள் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கால்கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். படம் கற்றுக்கொடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கற்றுக்கொடுத்ததை நான் செய்யவில்லை.

அதனால்தான் அவர் கேட்டுக்கொண்ட ஒன்றையாவது செய்தேன். அம்மாவுக்கு நேற்றே பதில் சொல்லிவிட்டேன், தப்பில்லை என்று. அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்தக் கேசட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். அதைப் புதிதாகக் கணினியில் பதிந்து, விட்டுப்போன பதிலை வேறு இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்துத் தருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். அம்மா வேண்டாம் என்றார்.

"அப்படியே இருக்கட்டும். அந்த எடத்துல நான் சொல்லிக்கறேன்" என்றார்.