"இதுல எது நமக்கு?" என்று டீச்சர் கேட்டார்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு மதியம். திருவெறும்பூர் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸுக்கு வந்தார். 64 வயது. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் மேஜையில் பிரித்து வைத்தார். உலகத்தின் பாதுகாப்பான நாடுகள் என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைத் தன் அழகான கையெழுத்தில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். முதல் இடத்தில் ஐஸ்லாந்து.

"ஏம்மா, இதுல எது நமக்கு?"

பட்டியலில் தப்பில்லை. உலக அமைதிக் குறியீட்டில் 2008 முதல் ஐஸ்லாந்துதான் முதலிடம். ஆனால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த "நமக்கு" என்கிற ஒரு சொல்லை நான் அதற்குப் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

திருச்சியில் இந்தத் தொழிலில் எனக்கு 14 வருடம் ஆகிறது. தினமும் யாராவது ஒருவர் "அந்த நாடு சேஃபா மேடம்?" என்று கேட்பார். முன்பெல்லாம் ஆமாம், இல்லை என்று சொல்லிவிடுவேன். இப்போது முதலில் நான்தான் கேள்வி கேட்கிறேன். யார் போகிறார்கள், யாரோடு போகிறார்கள், இதற்கு முன் எங்கே போயிருக்கிறார்கள், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, எந்த வகை. இது தெரியாமல் ஒரு நாட்டை பாதுகாப்பானது என்று சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்று இப்போது நம்புகிறேன்.

டீச்சருக்கு ஐஸ்லாந்து என்றால் ஷெங்கன் விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா. 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. 2024இல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மறுக்கப்பட்டன. மறுப்புக் கடிதத்தில் அடிக்கடி வரும் காரணம், விசா முடியுமுன் நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது. முத்திரையே விழாத பாஸ்போர்ட், தனியாக வாழும் பெண், பென்ஷன் மட்டும் வருமானம், வீடு இன்னும் இறந்த கணவர் பெயரிலேயே இருக்கிறது. 30 வருடம் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐஸ்லாந்தில் ஒளிந்து வாழப் போகிறாரா? ஆனால் விண்ணப்பத்தை வாங்குகிறவருக்கு டீச்சரைத் தெரியாது, தாள் மட்டும்தான் தெரியும். அவர் அந்த நாட்டுக்குப் போகலாமா என்று பயப்படுமுன், அந்த நாடு அவரைப் பார்த்து பயப்படுகிறது. எந்தப் பட்டியலிலும் இந்தப் பயத்துக்கு எண் கிடையாது.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் திறந்துவிட்டார்கள். 2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் நாடு அது. ஆனால் மணப்பாறைப் பக்கத்து டிப்ளமோ படித்த தம்பி ஒருவன், 24 வயது, "அக்கா, பாங்காக் ஒரு டிக்கெட் மட்டும், ரிட்டர்ன் அங்க போய்ப் போட்டுக்கறேன்" என்று வந்து நின்றால் எனக்கு வயிறு கலங்குகிறது. யார் கூப்பிட்டார்கள், டெலிகிராமில் வந்த வேலையா, டேட்டா என்ட்ரி என்றார்களா என்று கேட்காமல் விடமாட்டேன். பாங்காக்கில் இறக்கி, எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மர் எல்லைக்குள் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதை நமக்குத் தெரியும். 2022லேயே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து மீட்கப்பட்டு சென்னைக்கு வந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் கூட்டிவர வேண்டியிருந்தது. அதே பாங்காக், அதே விமான நிலையம். தேனிலவுக்குப் போகிறவர்களுக்குக் கடற்கரையாகத் தெரிவது வேலையில்லாத ஒரு பையனுக்குப் பொறியாக இருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. இந்த மோசடிகளுக்குப் பிறகு, உண்மையாகவே நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போகும் பையன்களையும் விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். எங்களிடம் டிக்கெட் எடுத்த மூன்று நண்பர்களில் ஒருவனை மட்டும் ஒரு விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பெயிண்டர். பத்தாவது முடிக்காததால் ஈசிஆர் (குடியகல்வுச் சோதனை தேவை) வகை பாஸ்போர்ட். சுற்றுலாவுக்குப் போக அந்தப் பாஸ்போர்ட்டுக்குத் தடை எதுவும் இல்லை, வேலைக்குப் போகும்போதுதான் குடியகல்வு அனுமதி வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் அவன் கையில் இருந்தன. அதிகாரிகளின் அக்கறை புரிகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மறுநாள் அவன் ஆபீஸுக்கு வந்து, "அக்கா, நான் பாக்கறதுக்கு டூரிஸ்ட் மாதிரி இல்லையா?" என்று கேட்டபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருடம் சீட்டுக் கட்டி சேர்த்த பணம் அது.

என் பக்கத்து மேஜைத் தோழி இஸ்லாமியப் பெண். ஊர் உலகத்துக்கெல்லாம் அமெரிக்க விசா ஃபாரம் நிரப்பிக் கொடுப்பாள். அவளுடைய தம்பி டல்லாஸில் இருக்கிறான், ஆறு வருடமாகக் கூப்பிடுகிறான். போக மாட்டேன் என்கிறாள். துப்பாக்கிக்குப் பயமா என்றேன். இல்லை, விமான நிலையத்தில் விசாரிக்கத் தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைக்கும் அந்த அறைக்குத்தான் பயம் என்றாள். "கலாம் ஐயாவையே கழட்டச் சொன்னாங்கடி" என்றாள். 2011 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில், விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிப்போய்ச் சோதித்தார்கள். அமெரிக்கா பிறகு வருத்தம் தெரிவித்தது. குடியரசுத் தலைவராக இருந்த ராமேஸ்வரத்துக்காரருக்கு வருத்தம் தெரிவிப்பார்கள், எனக்கு யார் தெரிவிப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு நான் என்ன சொல்ல? பயப்படாதே என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் பெயரை எந்தக் கம்ப்யூட்டரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

அவளுடைய அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருடமாக ஹஜ் போக ஆசை. கூடப் போக ஆண் துணை இல்லை என்பதால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2018 ஹஜ்ஜில்தான் 45 வயது கடந்த பெண்கள் குறைந்தது நான்கு பேர் சேர்ந்து மஹ்ரம் என்ற ஆண் துணை இல்லாமல் போகலாம் என்று இந்தியாவில் வழி திறந்தது. அந்த அம்மா பிறகு தெருவில் இருந்த மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய்வந்தார். இடம் மாறவில்லை, தூரம் மாறவில்லை, ஒரு விதி மாறியது, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு காட்சி. டொரொன்டோவிலிருந்து ஒரு ஈழத்து ஐயா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். வயலூர் ரோட்டில் மாதக்கணக்கில் வீடு எடுப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அம்மா வந்து சேர்வார். அம்மாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்வது இங்கே திருச்சியில். 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான் பயணம். "இப்ப சனம் போய் வருது, நீங்களும் ஒரு எட்டு போய்ப் பாருங்களேன் ஐயா" என்று நானே ஒருமுறை உளறிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பயமில்லை எண்டு சொல்ல ஏலாது பிள்ளை. அவங்கட கம்ப்யூட்டர்ல என்ர பேர் இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்" என்றார்.

அந்தப் பயம் கற்பனையில் முளைத்ததல்ல. 2014இல் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 பேரையும் தடைப் பட்டியலில் போட்டது. அதே வருடம் அக்டோபரில், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் அது நீங்கியது. ஐயாவின் பாஸ்போர்ட் கனடாவுடையது, உலகத்தில் பெரும்பாலான இடங்களுக்குக் கதவைத் திறக்கும். அதில் பிறந்த இடம் என்ற வரியில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. பிறந்த வீட்டுக்குப் போகத் தயங்கவைப்பது அந்த ஒரு வரி. அவரும் அம்மாவும் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, பிரியும் நாளுக்கான டிக்கெட் அச்சாகி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அம்மா அவருடைய முழங்கை மடிப்பைப் பிடித்திருந்தார், பஸ்ஸில் சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வது போல.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு நான் தனியாகப் பினாங்கு போனேன். நள்ளிரவில் இறங்கும் விமானம் 3,000 ரூபாய் குறைவு. அதை எடுக்கவில்லை. உள்சந்தில் அழகான ஹோம்ஸ்டே இருந்தது, வேண்டாம் என்று மெயின் ரோட்டு ஹோட்டலைப் பிடித்தேன், அதில் இன்னும் 4,000. பெண்ணாகத் தனியாகப் போவதற்கு நான் கட்டிய வரி இது. ரிசப்ஷனில் இருந்தவர், "ஹஸ்பண்ட் பின்னாடி வர்றாங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். பக்கத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். "ஆமா, நாளைக்கு வர்றார்" என்றேன். எனக்குக் கணவர் இல்லை. அன்று இரவு, கூடக் கொண்டுபோயிருந்த ரப்பர் ஆப்பைக் கதவுக்கு அடியில் சொருகிவிட்டுத்தான் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, பினாங்கு அருமையான ஊர். மறுநாள் காலை தெருவில் அப்பம் வாங்கிச் சாப்பிட்டபோது இருந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆணுக்கு அந்த ஆப்பு தேவைப்பட்டிருக்காது. "உலகம் நல்லது, பையைத் தூக்கிட்டுக் கிளம்பு" என்று ரீல்ஸ் போடும் தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நீங்கள் சொல்வது உங்களுக்கு உண்மை. உங்களைப் பார்த்துக் கிளம்பும் பெண்ணுக்கு அது பாதி உண்மைதான்.

நம் ஊரைப் பற்றி மற்றவர்கள் எழுதும்போது நமக்குச் சுருக்கென்கிறது. 2025 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தியாவுக்கான பயண அறிவுரையில், தனியாகப் போகாதீர்கள், குறிப்பாகப் பெண்கள், என்று எழுதியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் கோபம். ஸ்ரீரங்கத்தில் தினமும் வெள்ளைக்காரப் பெண்கள் நடந்து போகிறார்களே என்றார்கள். உண்மைதான். ஆனால் 2024 மார்ச்சில் ஜார்க்கண்டின் தும்காவில், கணவரோடு பைக்கில் நாடு சுற்றிய ஸ்பானியப் பெண்ணுக்கு நடந்த கூட்டு வன்கொடுமையை எப்படி மறைப்பது? அதைப் படித்துவிட்டு வராமல் இருக்கும் பெண்ணைத் தப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. இதே குழுவில்தான் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இனி சாகும்வரை இலங்கைப் பக்கம் போகாதே என்று எழுதினார்கள். இன்று இலங்கைக்கு அதிகம் சுற்றுலா போகிறவர்கள் இந்தியர்கள்தான்.

ஒன்றை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். பாதுகாப்பு என்ற சொல்லை வைத்து வீட்டுப் பெண்களைப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் தோழியின் பயம் அவளுடையது, டொரொன்டோ ஐயாவின் பயம் அவருடையது. அனுபவத்திலிருந்து வந்தவை, மதிக்கிறேன். ஆனால் போகிறவளுக்கு இல்லாத பயத்தை வீட்டில் இருக்கிறவர்கள் பட்டுக்கொண்டு, "காலம் கெட்டுக் கிடக்கு" என்று பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவது வேறு. மருமகளின் பாஸ்போர்ட்டைப் பற்றி மாமியார் மட்டும் பேசும் குடும்பங்களை என் கவுன்ட்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்கிறேன், "நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எங்க போகணும்?" சிலருக்குப் பதில் வர நேரமாகிறது. காத்திருக்கிறேன்.

எங்காவது போக நினைப்பவர்கள், அந்த நாட்டுக்குப் போய்வந்த யாரோ ஒருவரைக் கேட்காதீர்கள். உங்களைப் போன்ற ஒருவரைத் தேடிக் கேளுங்கள். தனியாகப் போனவள் தனியாகப் போகிறவளுக்குச் சொல்லட்டும். ஈசிஆர் பாஸ்போர்ட்டோடு போனவர் அதே பாஸ்போர்ட்காரருக்குச் சொல்லட்டும். என்னைப் போன்ற ஏஜென்ட்டுகளும் டிக்கெட் விற்கும் அவசரத்தில் இதையெல்லாம் மறைக்கக் கூடாது.

டீச்சருக்கு அன்று நான் சொன்னது, முதலில் பக்கத்தில் ஒரு இடம், பாஸ்போர்ட்டில் முத்திரை விழட்டும், உங்களுக்கும் பழகட்டும் என்று. யோசித்துவிட்டு யாழ்ப்பாணம் என்றார். காலேஜில் கூடப் படித்த தோழி ஒருவர் கொக்குவிலில் இருக்கிறாராம், 1981க்குப் பிறகு பார்க்கவில்லையாம். ஐந்து நாள் போய்வந்தார். மார்கழியில் மலேசியாவும் போய்வந்துவிட்டார்.

போன வாரம் திரும்ப வந்தார். ஒரு பொட்டலம் பனங்கட்டியை என் மேஜையில் வைத்தார், தோழி யாரிடமோ கொடுத்து அனுப்பியதாம். அப்புறம் கைப்பையைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

"இப்பப் போடலாமாம்மா?"

ஷெங்கன் ஃபாரத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தேன். பயணச் செலவை ஏற்பவர் யார் என்ற கட்டம் வந்தது. டெல்லியில் இருக்கும் மகன் பெயரைப் போடட்டுமா டீச்சர், பலமாக இருக்கும் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"நானேன்னு போடு."