ஆவடி உடல், லிட்டில்டன் தலை

போன மாதம் புளூம்ஃபோன்டைன் நகருக்குப் போயிருந்தேன். நான் குடியிருக்கும் பிரிட்டோரியாவின் லாடியத்திலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அங்குள்ள கவசப்படை அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு டாங்கைப் பார்ப்பதற்காக அத்தனை தூரம் வண்டி ஓட்டினேன். டி.டி.டி. (டாங்க் டெக்னாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர்) என்று அதைச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்கா சொந்தமாக வடிவமைத்த போர் டாங்க். செய்தது ஒன்றே ஒன்றுதான்.

என் அப்பா ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு வேலை நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டுமானால் முன்னால் நின்று பார்க்காதே, மூலைக்குப் போ என்பார். போனேன். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் வெல்டிங் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராக ஏறியிருந்தது. விரலால் தடவிக்கொண்டே வந்தேன். கை தயங்கி நின்ற இடம் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. தயாரிப்புக்கே போகாத வண்டிக்கு இத்தனை அக்கறையா என்று நெஞ்சு கனத்தது.

இதை எழுதத் தூண்டியது ஒரு கோபம். ‘உலகின் விசித்திரமான தோல்வி ஆயுதங்கள்’ என்று வாரத்துக்கு ஒரு பட்டியல் யாராவது பகிர்கிறார்கள். தயாரிப்புக்குப் போகாத எல்லா வண்டிகளையும் ஒரே குப்பைக்கூடையில் போட்டுச் சிரிக்கிறார்கள். இது பெரிய அநியாயம்.

உண்மையிலேயே தோற்ற வண்டிகள் உண்டு. ரஷ்யாவின் ஜார் டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில் இரண்டு ராட்சதச் சக்கரங்கள், பின்னால் ஒரு சிறிய உருளை. பள்ளம், மேடு, அகழி எதுவானாலும் பெரிய சக்கரம் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். 1915 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு வடக்கே சோதித்தபோது பின் உருளை மண்ணில் புதைந்தது. அதன்மேல் எவ்வளவு எடை இறங்கும் என்ற கணக்கே பிழை. இழுத்து மீட்க முடியாமல் அங்கேயே கிடந்தது; 1923ல் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். இதைத் தோல்வி என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

டி.டி.டி.யின் கதை வேறு. 1977ல் ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதை எல்லா நாடுகளுக்கும் தடை செய்தது. வெளியில் வாங்க வழியில்லாததால் எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் துணிந்தார்கள். 105 மி.மீ. பீரங்கி பொருத்தி, பின்னாளில் இன்னும் பெரிய பீரங்கியையும் ஏற்கும்படி வடிவமைத்தார்கள். அதற்குள் அங்கோலாவில் தென்னாப்பிரிக்கா நடத்திய போர் முடிந்தது, ராணுவத்துக்கான பணம் சுருங்கியது. டாங்குக்குத் தேவையே இல்லாமல் போனது. அந்த முடிவு சரியானதுதான்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் படங்களைக் காட்டினேன். பிரிட்டோரியாவின் மராபஸ்டாட் பகுதியில் மாரியம்மன் கோயிலுக்கு அருகில் பிறந்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் குடும்பத்தோடு லாடியத்துக்கு விரட்டப்பட்டவர் அவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதைச் செய்த காசில் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம்” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதையும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வெல்டிங் செய்தவனின் திறமையும் உண்மை, அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேராமல் போனது என்பதும் உண்மை.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான வண்டிக்கு வருகிறேன். பீம் என்ற பீரங்கி வண்டி அது. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதியை டரட் என்பார்கள். பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் உள்ள லிட்டில்டனில், தென்னாப்பிரிக்க அரசின் ஆயுத நிறுவனமான டெனெலின் டி-6 டரட் உருவானது, 155 மி.மீ. பீரங்கி. அதை ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கின் உடல்மேல் ஏற்றினார்கள். நான் பிறந்த ஊரின் உடல், நான் பிழைக்க வந்த ஊரின் தலை! 1946ல் இனவெறியை எதிர்த்து இந்த நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்டது இந்தியா. 1993ல்தான் தூதரக உறவு திரும்பியது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே இரண்டு ஊர் இரும்பும் ஒரே வண்டியில் சேர்ந்தது.

அந்த வண்டியைக் கொன்றது அதன் குறை எதுவும் இல்லை. டெனெலிடமிருந்து இந்தியா வாங்கிய கனரகத் துப்பாக்கிகளுக்காகத் தரகுப் பணம் கைமாறியது என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2005ல் அந்த நிறுவனத்தோடு எல்லாத் தொடர்பும் நிறுத்தப்பட்டது. துப்பாக்கியோடு பீமும் போனது. ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. பின்னர் வழக்கை முடித்துக்கொண்டது. 2018ல் தடையும் நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே தென்கொரிய வடிவமைப்பில் 100 கே-9 வஜ்ரா பீரங்கி வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. அதுவும் 155 மி.மீ. பீரங்கிதான். இடையில் போனது 12 ஆண்டுகள்.

லஞ்சப் புகார் வந்தால் விசாரித்தே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. குற்றம் நிரூபணமானால் சிறைக்கு அனுப்புங்கள். துப்பாக்கிப் பேரத்தின் புகாருக்காக, அதில் சம்பந்தமே இல்லாத பீரங்கி வண்டியையும் சேர்த்துப் புதைத்ததுதான் தவறு. துப்பாக்கிக்காவது வழி பிறந்தது. திருச்சி தொழிற்சாலை வித்வன்சக் என்ற பெயரில் சொந்தமாகச் செய்தது. பீமுக்கு அப்படி ஒரு திருச்சி வாய்க்கவில்லை.

புளூம்ஃபோன்டைனிலிருந்து திரும்பும் வழியில் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து டி.டி.டி.யின் மூலைகளைப் பற்றிச் சொன்னேன். “பற்றவைத்தவன் பெயர் எழுதியிருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆவடியிலோ லிட்டில்டனிலோ அந்த நாட்களில் வேலை பார்த்த யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். எந்தப் பட்டறை, எத்தனை பேர், முதல்முறை டரட்டை உடல்மேல் இறக்கியபோது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டும். அப்பாவுக்கு இப்போது 74 வயது. அவர் சொல்வதை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.