எந்த விரல்னு கேக்கவே மாட்டீங்களா?

டாக்டர்கிட்ட போய் கை மரத்துப்போகுதுன்னு சொல்லி வாயை மூடுறதுக்குள்ள சீட்டு எழுதியாச்சு: கழுத்துக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், கழுத்துல மாட்ட ஒரு காலர் பட்டை, நரம்பு வலிக்குப் பிரிகாபலின் மாத்திரை, வைட்டமின் பி12 ஊசி. எந்த விரல், எந்த நேரம்னு ஒரு கேள்வி கிடையாது. மூணு மாசம் கழிச்சும் குறையலன்னா, "நரம்பு வீக், அப்படித்தான் இருக்கும்"னு பதில்!

நாற்பது தாண்டின கழுத்தை ஸ்கேன் பண்ணா, வலியே இல்லாத நிறைய பேருக்கும் தேய்மானம், டிஸ்க் (எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை) பிதுக்கம்னுதான் வரும். படத்துல தெரியுறதுதான் கையை மரக்கடிக்குதுன்னு யார் சொன்னா?

விரலைக் கேளுங்கய்யா. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல பாதி. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து, கையை உதறினா அடங்குதா? பெரும்பாலும் மணிக்கட்டுல, இந்த விரல்களுக்குப் போற மீடியன் நரம்பு நசுங்குது. உள்ளங்கை நடுவுல உணர்ச்சி சரியா இருக்கும், அங்க போற நரம்புக் கிளை, மணிக்கட்டுக் குகைக்கு (மீடியன் நரம்பு நுழைஞ்சு போற குறுகலான பாதை) வெளியவே பிரிஞ்சு போயிடுது. மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வெச்சு, விரல் மரக்குதான்னு பாக்க என்ன செலவு? சுண்டுவிரல்னா, அதோட நரம்பு நசுங்குதான்னு முழங்கையைப் பாருங்க. அண்ணாந்து வலிக்கிற பக்கமே தலையைச் சாய்ச்சா தோள்லேர்ந்து விரலுக்குச் சுர்ருனு இறங்குதா, அப்போ கழுத்தைத் தேடுங்க. சர்க்கரை நோயால வர்ற மரப்பு பெரும்பாலும் ரெண்டு பாதத்துலதான் ஆரம்பிக்கும், கைக்கு ரொம்ப லேட்டாத்தான் வரும்.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையலாம், வாஸ்தவம். அதுக்கு முதல்ல ரத்தம் எடுங்க! ஊசி போட்டுட்டு எடுத்தா அளவு எகிறித்தான் இருக்கும், அப்புறம் எதை வெச்சு முடிவு பண்றது? கடையில தானா வாங்கி முழுங்குற 'நரம்புச் சத்து' மாத்திரையில பெரும்பாலும் வைட்டமின் பி6 இருக்கும். அதிக அளவுல மாசக்கணக்கா உள்ள போனா அதுவே நரம்பைக் கெடுக்கும். இதை யாரும் சொல்றதே இல்ல.

நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்குற நரம்பு டெஸ்ட்லயும் கூத்துதான். ஏசி ரூம்ல சில்லிட்ட கையை அப்படியே வெச்சு எடுத்தா நல்ல நரம்பும் மெதுவாத்தான் ஓடும். கையைச் சூடாக்கிட்டு எடுக்கணும். கழுத்துல நரம்போட வேர் நசுங்கியிருந்தா உணர்ச்சி நரம்பு ரீடிங் நார்மலாவே வரும். தசையில ஊசி குத்திப் பாக்குற டெஸ்ட்லயும் நரம்பு நசுங்கி 2, 3 வாரம் போனாத்தான் மாற்றம் தெரியும். நாலாம் நாளே எடுத்துட்டு "எல்லாம் நார்மல், மனசுதான்"னு அனுப்பி வெச்சா எப்படி?

மணிக்கட்டுப் பிரச்சினைன்னா ஆரம்பத்துல, ராத்திரி மணிக்கட்டை நேரா நிறுத்துற பட்டையை 6 வாரம் போட்டாலே பலருக்குக் குறையும். அதை விட்டுட்டுக் கழுத்துல காலரை மாட்டி உட்கார வெச்சா, கட்டைவிரல் அடியில இருக்கிற சதை வத்திப்போகும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் அந்தச் சதை முழுசா திரும்புறது கஷ்டம்.